மருந்துச் சீட்டும் கடற்படைத் தளமும்

திருக்குறளின் பொருட்பாலைப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எழுபத்தாறாம் அதிகாரம் பொருள்செயல்வகை. அதற்கு அடுத்து வருவது படைமாட்சி. பொருளைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு படையைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார் வள்ளுவர். பொருளால் ஆவது படை என்பது உரைகாரர் காட்டும் தொடர்பு. அந்தப் பொருள் எவருடைய உழைப்பில் விளைந்தது, படைக்குக் கொடுத்தபின் எஞ்சியது எவருக்குப் போய்ச் சேர்ந்தது, அதை வகுத்த அவையில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்னும் கேள்விகள் வரலாறு படிப்பவனுக்கு உரியவை. நம் நாடுகளைப் பொறுத்தவரை அக்கேள்விகளுக்கு விடை தேட வெகுதொலைவு போக வேண்டுவதில்லை. சிங்கப்பூரின் வடகரையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி கிடக்கும் செம்பவாங்குக்குப் போனால் போதும்.

1968ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்டு வில்சன் பொதுமக்கள் சபையில் ஓர் அறிவிப்பைப் படித்தார். மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துச் சீட்டுக்கு இனிக் கட்டணம் உண்டு. இடைநிலைப் பள்ளி மாணவர்க்கு வழங்கிய இலவசப் பால் நிறுத்தப்படும். பள்ளியை விடும் வயதைப் பதினாறாக உயர்த்தும் திட்டம் இரண்டாண்டுகள் தள்ளிப்போகும். வீடும் சாலையும் கட்டுவது குறையும். அதே அறிவிப்பில்தான், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாரசீக வளைகுடாவிலும் உள்ள பிரிட்டிஷ் படைகள் 1971ஆம் ஆண்டின் இறுதிக்குள் வெளியேறும் என்ற செய்தியும் இருந்தது. நம் பாடநூல்கள் படை விலகலை மட்டும் எடுத்துச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டை விட்டுவிடுகின்றன. என் கருத்தில், மருந்துச் சீட்டை விட்டுவிட்டால் படை விலகல் விளங்காது. இரண்டும் ஒரே தராசின் இரு தட்டுகள்.

அந்தத் தராசின் கதையைச் சொல்லுமுன், அதில் வைக்கப்பட்ட தளம் எவர் பணத்தில் எழுந்தது என்பதைக் காண்போம்.

முதல் உலகப் போருக்கு முன்பே மலாயாவின் பணம் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போகத் தொடங்கிவிட்டது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த கூட்டு மலாய் நாடுகளின் கூட்டரசு மன்றம், 1912ஆம் ஆண்டில் ஒரு போர்க்கப்பலைப் பிரிட்டனுக்குப் பரிசளிக்க முன்வந்தது. 'மலாயா' என்று பெயர் பெற்ற அக்கப்பலுக்கு ஆன செலவு ஏறத்தாழ 29 இலட்சம் பவுண்டு. அந்நாளைய மாற்று மதிப்பில் அது சுமார் இரண்டரைக் கோடி வெள்ளி. 1916இல் ஜட்லாந்துக் கடற்போரில் அது ஈடுபட்டது. அந்த வெள்ளி ஈயச் சுரங்கத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. சுரங்கத்தில் சீனரும் பால்மரக் காட்டில் தமிழரும் உழைத்தனர் என்பதையும் எவரும் மறுக்கவில்லை. ஆனால் அதை எவரும் கணக்கில் எழுதவும் இல்லை.

போர் முடிந்தபின் சப்பானின் கடற்படை வலுப்பெற்றதைக் கண்ட பிரிட்டன், கிழக்கில் ஒரு பெருந்தளம் வேண்டும் என்று 1921இல் முடிவு செய்தது. பிறகு செம்பவாங்கில் இடம் குறிக்கப்பட்டது. நிலத்தை நீரிணைக் குடியேற்ற நாடுகளின் அரசு நன்கொடையாகத் தந்தது. 1926இல் கூட்டு மலாய் நாடுகள் 20 இலட்சம் பவுண்டு, அதாவது ஒரு கோடியே எழுபது இலட்சம் வெள்ளியளவு, தளத்துக்கென ஒதுக்கின.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். தளத்துக்கு இடம் தேடிய அதே 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட முதலாளியின் தலையில் வைத்தது. அரசு தானே முன்வந்து தமிழ்ப் பள்ளி கட்ட எண்ணவில்லை. விளைவு நாம் அறிந்ததே. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. காலையில் ஆள்கணக்கு எடுத்த கங்காணியோ கிராணியோ பிற்பகலில் ஆசிரியர். ஆயுதத்துக்கு அரசுக் கருவூலம், அரிச்சுவடிக்குத் தோட்ட முதலாளியின் தயவு என்று அந்நாளைய வரவு செலவு வகுக்கப்பட்டிருந்தது. வகுத்த கூட்டரசு மன்றத்தில் 1928ஆம் ஆண்டு வரை இந்திய உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அவ்வாண்டு வீராசாமி நியமிக்கப்பட்டபோது, கப்பலும் போயிருந்தது. தளத்துக்கான பணமும் முடிவாகியிருந்தது.

பிரிட்டனிலோ வாதம் பலமாகவே நடந்தது. 1924இல் முதன்முறையாக ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, இராம்சே மெக்டொனால்டின் தலைமையில், சிங்கப்பூர்த் தளப்பணியை நிறுத்தியது. உலக நாடுகள் ஆயுதத்தைக் குறைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே புதிய தளம் கட்டுவது முறையன்று என்பது அவர் வாதம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எதிர்த்தன. அவ்வாண்டின் இறுதியில் பழமைவாதக் கட்சி திரும்பி வந்து பணியை மீண்டும் தொடங்கியது. 1929இல் தொழிற்கட்சி மறுபடி வந்தது. பணி மறுபடி தளர்ந்தது. இடையில் பழமைவாத ஆட்சியில் நிதியமைச்சராக இருந்த சர்ச்சில், அடுத்த பத்தாண்டுகளுக்குப் பெரும்போர் வராது என்ற கணிப்பை 1928இல் நாள்தோறும் தானே முன்னோக்கி நகரும் விதியாக்கி, படைத்துறைகளின் கோரிக்கைகளை அதைக் காட்டியே வெட்டினார். போர்வீரராகப் பெயர் பெற்ற சர்ச்சில், நிதிப்பெட்டியின் சாவி கையில் இருந்தபோது இப்படித்தான் நடந்துகொண்டார். பதவி நாற்காலி மாறினால் பார்வையும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. 1932இல் அவ்விதி கைவிடப்பட்டது. 1938 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் கொண்ட உலர்துறை திறந்துவைக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் வீழ்ந்தது. துறை இருந்தது, அதில் வந்து நிற்க வேண்டிய கப்பற்படை வரவில்லை.

இனித் தராசுக்கு வருவோம். அதன் கதை தொடங்குவது 1951இல்.

கொரியப் போர் மூண்டிருந்த காலம். அமெரிக்காவின் வற்புறுத்தலுக்கு இணங்கி, மூன்றாண்டுகளில் 470 கோடி பவுண்டு செலவில் படைக்கலம் பெருக்கும் திட்டத்தைத் தொழிற்கட்சி அரசு ஏற்றிருந்தது. அதற்குப் பணம் தேடிய நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல், இலவச மருத்துவத் திட்டத்தின்கீழ் வழங்கிய பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே செலுத்த வேண்டும் என்று ஏப்ரல் மாத வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார். அதனால் அவ்வாண்டில் மிச்சமாகக் கூடியது ஒரு கோடியே முப்பது இலட்சம் பவுண்டு. 470 கோடியின் முன்னால் அது எம்மாத்திரம்! ஆனால் மருத்துவத் திட்டத்தை உருவாக்கிய அனாயரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். இத்தனை விரைவாக இத்தனை ஆயுதம் செய்ய நாட்டின் தொழில்வளம் இடங்கொடாது என்பதும் அவர் கூற்று. மறுநாள் அவரோடு சேர்ந்து பதவி துறந்தவர் முப்பத்தைந்தே வயதான வணிக அமைச்சர். அவர் பெயர் ஹெரால்டு வில்சன்.

அவ்வாண்டின் இறுதியில் ஆட்சியேறிய சர்ச்சில், படைக்கலத் திட்டம் நாட்டின் சக்திக்கு மீறியது என்று கண்டு அதனை நீண்ட காலத்துக்குப் பரப்பிவிட்டார். பெவன் சொன்னது பொய்க்கவில்லை. எனினும் கட்டணம் நிலைத்தது. 1952இல் மருந்துச் சீட்டுக்கு ஒரு சில்லிங் என்ற புதுக் கட்டணமும் சேர்ந்தது. 1964இல் வில்சன் பிரதமரானார். 1965இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்கினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பதவியைத் துறந்தவர், பதவியைக் கொண்டே தம் சொல்லைக் காத்த தருணம் அது.

ஆனால் கருவூலம் நலிந்திருந்தது. அயல்நாடுகளில் பிரிட்டன் வாங்கியது மிகுதி, விற்றது குறைவு. அந்த நிலையில் வெளிநாட்டுப் படைத்தளம் என்பது இரட்டைச் சுமை. உள்நாட்டில் சிப்பாய்க்குக் கொடுக்கும் பவுண்டு உள்நாட்டுக் கடைக்கே திரும்பி வரும். செம்பவாங்கில் கப்பல் பழுது பார்ப்பவனுக்குக் கொடுக்கும் பவுண்டு வெள்ளியாக மாறிச் சிராங்கூன் சாலையில் செலவாகிவிடும். பாதுகாப்பு அமைச்சர் டெனிஸ் ஹீலி, 1969-70ஆம் ஆண்டுக்குள் படைச்செலவை 200 கோடி பவுண்டுக்குள் அடக்குவதாக உறுதி கூறியிருந்தார். 1966 பிப்ரவரியில் புதிய விமானந்தாங்கிக் கப்பல் திட்டம் கைவிடப்பட்டது. கடமைகளைக் குறைக்காமல் கருவிகளை மட்டும் குறைப்பது தகாது என்று கடற்படை அமைச்சர் கிறிஸ்டபர் மேய்யூ பதவி விலகினார். கடற்படைத் தளபதி டேவிட் லூசும் விலகினார்.

அந்நேரம் இந்தோனேசியாவின் 'மோதல்' கொள்கையால் பல்லாயிரம் பிரிட்டிஷ் வீரர் நம் பகுதியில் நின்றிருந்தனர். 1966 ஆகஸ்டில் அம்மோதல் முடிந்தது. முடிந்ததும், இங்கே இனி என்ன வேலை என்ற குரல் தொழிற்கட்சிக்குள் ஓங்கியது. அவ்வாண்டுக் கட்சி மாநாடே சூயசுக்குக் கிழக்கிலிருந்து விலக வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. வியப்பு என்னவென்றால், எதிர்க்கட்சியான பழமைவாதக் கட்சியிலும் ஈனக் பவுல் 1965இலேயே இதே ஐயத்தைக் கிளப்பியிருந்தார். 1967 சூலையில் அரசு ஒரு நடுவழியைக் கண்டது. 1970-71க்குள் படையைப் பாதியாக்குவது, எழுபதுகளின் நடுவில் முற்றிலும் விலகுவது என்பது அது. அத்தனை ஆண்டு அவகாசம் இருந்திருந்தால் சிங்கப்பூர் மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

அவகாசத்தைப் பறித்தது பவுண்டின் வீழ்ச்சி. 1967 நவம்பர் 18ஆம் நாள் பவுண்டின் மதிப்பு 2.80 அமெரிக்க டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. இலண்டனில் எடுத்த அம்முடிவின் அடி முதலில் விழுந்தது பினாங்கில். அவ்வாண்டு சூனில்தான் மலேசியாவும் சிங்கப்பூரும் தத்தம் புதிய நாணயத்தை வெளியிட்டிருந்தன. மக்கள் கையில் இன்னும் பழைய மலாயா நோட்டுகள் மிகுந்திருந்தன. பழைய நோட்டு பவுண்டோடு கட்டுண்டது, புதியது அப்படியன்று. ஒரே இரவில் பழைய ஒரு வெள்ளி எண்பத்தைந்து காசாயிற்று. வங்கிக்குப் போய் மாற்றும் பழக்கமுள்ளவர் முன்பே மாற்றியிருந்தனர். தகரப் பெட்டியிலும் தலையணை உறையிலும் சேமித்தவர்களே இழந்தனர். நவம்பர் 24ஆம் நாள் பினாங்கில் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாகி உயிர்களும் பலியாயின. பிரிட்டனின் வரவு செலவுக் கணக்கைச் சரிக்கட்டப் பினாங்குச் சந்தையில் ஒருவன் வெள்ளிக்குப் பதினைந்து காசு கொடுத்தான். அவனிடம் எவரும் கேட்கவில்லை.

புதிய நிதியமைச்சர் ராய் ஜென்கின்சு, பணமதிப்புக் குறைப்பு பலிக்க வேண்டுமானால் அரசுச் செலவில் ஏறத்தாழ 70 கோடி பவுண்டு வெட்ட வேண்டும் என்றார். 1968 சனவரி 4 முதல் 15 வரை அமைச்சரவை எட்டு முறை கூடியது. அந்தக் கூட்டங்களின் நடப்பைக் கிராஸ்மன் முதலிய அமைச்சர்கள் தம் நாட்குறிப்புகளில் விரிவாக எழுதி வைத்திருப்பதால், வரலாற்று மாணவர்க்கு இது அரிய வாய்ப்பு.

ஜென்கின்சின் கணக்கு எளியது. மருந்துச் சீட்டுக் கட்டணம் திரும்பி வராமல் வெளிநாட்டு முதலாளிகள் பவுண்டை நம்ப மாட்டார்கள். தொழிற்கட்சி உறுப்பினர்களோ அக்கட்டணத்தை விழுங்க மாட்டார்கள். அவர்களை விழுங்கச் செய்யும் தேன் ஒன்று வேண்டும். அதுவே படை விலகல். ஏழையின் மருந்தில் கை வைக்கிறோம், ஆயினும் பேரரசின் படைத்தளத்திலும் கை வைக்கிறோம் என்று காட்டினால்தான் கட்சி இணங்கும். ஆகவே விலகும் ஆண்டு எழுபதுகளின் நடுவிலிருந்து 1971 மார்ச்சுக்கு இழுக்கப்பட்டது. மலாக்கா நீரிணையின் காவலைக் கருதியோ சிங்கப்பூரின் நலனைக் கருதியோ அந்தத் தேதி குறிக்கப்படவில்லை. அமெரிக்காவிடம் வாங்கவிருந்த 50 எப்-111 போர்விமானங்களும் குறுகிய வாக்கு வேறுபாட்டில் இதே தட்டில் போடப்பட்டன. ஹீலி கடுமையாக எதிர்த்துத் தோற்றார்.

கல்வியைப் பற்றிய விவாதம்தான் என்னை மிகவும் சிந்திக்கச் செய்தது. பள்ளி விடும் வயதை உயர்த்தும் திட்டத்தை ஒத்திப்போடக் கல்வி அமைச்சர் கார்டன் வாக்கரே உடன்பட்டார். அவர் ஆக்ஸ்போர்டில் படித்துப் பின் அங்கேயே கற்பித்தவர். அதனைச் சினத்தோடு எதிர்த்தவர் அயலுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுன். அவர் பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டவர். கல்வி வாய்க்காதவனுக்கே அதன் அருமை தெரிந்தது போலும். பிரபுக்கள் சபைத் தலைவராக இருந்த லாங்ஃபோர்டு, இந்த ஒத்திவைப்பு ஒன்றுக்காகவே அமைச்சர் பதவியைத் துறந்தார். தளங்களை மூடியதற்காகப் பதவி துறந்த அமைச்சர் ஒருவரும் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

வாசிங்டனுக்குப் போய்ச் செய்தியைச் சொல்லும் வேலையும் பிரவுனுக்கே வாய்த்தது. வியட்னாமில் சிக்கியிருந்த அமெரிக்கா கசப்போடு கேட்டுக்கொண்டது. வளைகுடாவின் ஆட்சியாளர் சிலர், படையின் செலவைத் தாமே ஏற்கிறோம், இருங்கள் என்றனர். பிரிட்டிஷ் வீரர் கூலிப்படையல்லர் என்ற பாங்கில் ஹீலி அதை ஏளனமாகத் தள்ளிவிட்டார். பிறகு வருந்தவும் செய்தார். ஐம்பதாண்டுகளுக்கு முன் மலாயாவின் பணத்தில் வந்த கப்பலை வாங்கிக்கொண்டபோது இந்தக் கூச்சம் எங்கே போயிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

செய்தி கேட்ட லீ குவான் இயூ உடனே இலண்டனுக்குப் பறந்தார். அமைச்சர்களைக் கண்டார், தொலைக்காட்சியில் பிரிட்டிஷ் மக்களிடமே பேசினார். சிங்கப்பூரின் தேசிய வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களின் செலவைச் சார்ந்திருந்தது. நேரடியாக முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரும், அவர்களைச் சார்ந்து நாற்பதாயிரம் பேரும் பிழைத்தனர் என்று தம் நினைவுநூலில் அவர் எழுதியிருக்கிறார். அவர் வாதாடிப் பெற்றது ஒன்பது மாதம். 1971 மார்ச்சு என்பது 1971 திசம்பராயிற்று. பின்னர் ஐந்து கோடி பவுண்டு உதவியும் கிடைத்தது. அதில் நான்கில் ஒரு பங்கே நன்கொடை, எஞ்சியது கடன். ஒன்பது மாதமாவது கிடைத்ததற்குக் காரணம், சிங்கப்பூர் அதற்குள் தனிநாடாகி, அவைக்கு வெளியே நின்றேனும் கதவைத் தட்டும் நிலையில் இருந்ததுதான். 1912இல் தட்டவும் ஆளில்லை.

சனவரியில் பொதுமக்கள் சபையில் வாக்கெடுப்பு வந்தபோது தொழிற்கட்சியின் இடதுசாரியினர் சிலர் வாக்களியாமல் விலகி நின்றனர். அவர்கள் மருந்துக்காகவும் பாலுக்காகவும் விலகினர். சூன் மாதம் முதல் மருந்துச் சீட்டுக்கு இரண்டரைச் சில்லிங் கட்டணம் வந்தது. முதியோர்க்கும் குழந்தைகளுக்கும் விலக்கு அளித்தனர். வில்சன் 1951இல் எதற்காகப் பதவியைத் துறந்தாரோ அதையே செய்து பதவியில் இருந்தார்.

இப்போது நீரிணைக்கு இப்பால் வருவோம். படைச்செலவைக் குறைத்தால் மக்கள் நலத்துக்குப் பணம் மிஞ்சும் என்பது பொதுவான நம்பிக்கை. சிங்கப்பூரில் நேர்ந்தது இதற்கு மாறானது. பிரிட்டன் தன் படைச்செலவைக் குறைத்ததனால் சிங்கப்பூர் தன் படைச்செலவைப் பெருக்க வேண்டியதாயிற்று. வருவாய் குறையும் வேளையில் செலவு ஏறியது. 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டம் நிறைவேறி, ஆகஸ்டில் முதல் தொகுதி இளைஞர் சேர்ந்திருந்தனர். 1969ஆம் ஆண்டுத் தேசிய நாள் அணிவகுப்பில் கவச வண்டிகள் சென்றதை மக்கள் வியந்து பார்த்தனர். இச்செலவைக் குறித்து இலண்டனில் நடந்ததைப் போன்ற வாதம் இங்கு நடக்கவில்லை. 1968 ஏப்ரல் தேர்தலில் 58 தொகுதிகளில் 51இல் போட்டியே இல்லை. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரும் மன்றத்தில் இல்லை. நெருக்கடியில் ஒருமனம் வேண்டும் என்பார்கள். இருக்கலாம். ஆயினும், எதிர்த்துக் கேட்பவர் இல்லாத அவையில் வகுக்கப்படும் கணக்கில், பாரம் யார் தோளில் ஏறுகிறது என்பதைப் பார்ப்பது நம் கடமை.

ஏறிய தோள் தொழிலாளியுடையது. 1968 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம் வார வேலைநேரத்தை 44 மணியாக வகுத்தது. பொது விடுமுறையைப் பதினொரு நாளாகச் சுருக்கியது. மிகைநேர ஊதியத்துக்கும் வரம்பு கட்டியது. அந்நிய முதலீட்டை ஈர்க்கத் தொழிலாளர் ஒழுங்கு வேண்டும் என்றார்கள். முதலீடு வந்தது, ஆலைகள் வந்தன, வேலையும் வந்தது. அஞ்சிய பேரழிவு நேரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தளத்தின் கப்பல் பட்டறை 1968 இறுதியில் செம்பவாங் கப்பல் பட்டறை என்ற வணிக நிறுவனத்தின் கைக்கு மாறியது. சாங்கி விமானத்தளம் இருந்த இடத்தில் 1981இல் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. பிளாக்காங் மத்தித் தீவு செந்தோசாவாயிற்று. இத்திட்டங்களின் மூளையாக விளங்கிய கோ கெங் சுவீ, பாதுகாப்பு அமைச்சராகவும் நிதியமைச்சராகவும் இருந்து, 1979இல் கல்வி அமைச்சரானார். பள்ளி மாணவரைத் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறையைக் கொணர்ந்த அறிக்கை அவர் தலைமையில் வந்ததே. படைக்கு வகுத்தவரே பள்ளிக்கும் வகுத்தார்.

மலாக்காவின் தெரண்டாக் முகாம் மலேசியப் படையின் கைக்குப் போனது. 1970இல் பிரிட்டனில் பழமைவாதக் கட்சி வென்று சிறுபடை ஒன்றை விட்டு வைத்தது. 1971 நவம்பர் முதல் நாள் ஐந்நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிறுபடையும் எழுபதுகளின் நடுவில், தொழிற்கட்சி ஆட்சியின் இன்னொரு செலவுக் குறைப்பில், போய்விட்டது.

தளத்தில் வேலை பார்த்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 'நேவல் பேஸ்' என்றே அவர்கள் அதை அழைத்தார்கள். கன்பரா சாலை, பெர்முடா சாலை, டர்பன் சாலை, ஜிப்ரால்டர் வளைவு என்று பேரரசின் ஊர்களெல்லாம் தெருக்களாகக் கிடந்த அந்த வளாகத்தில், மலையாளிகளும் தமிழரும் பெருந்தொகையினராக இருந்தனர். எழுத்தராகவும் கொல்லராகவும் வண்ணம் பூசுவோராகவும் புல் வெட்டுவோராகவும் அவர்கள் உழைத்தனர். அத்தளத்துத் தொழிலாளியின் வழிபாட்டில் ஒரு மரத்தடியில் தோன்றிய பாலசுப்பிரமணியர் கோயில், புனிதமரக் கோயில் என்ற பெயரோடு பிற்காலத்தில் யீஷூனுக்கு இடம் மாறியது. குடியுரிமை பெற்றிருந்தவர் புதிய பட்டறைக்கோ பயிற்சி நிலையத்துக்கோ போனார்கள். பெறாதவர் நிலை வேறு. ஊரில் குடும்பத்தை வைத்துவிட்டு, பணம் அனுப்பிக்கொண்டே இருபது முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள் அவர்கள். எந்த நாட்டுக் குடியுரிமையை எடுப்பது என்று முடிவு செய்யாமலே காலத்தைத் தள்ளியிருந்தார்கள். ஆள்குறைப்பு வந்ததும் வேலை அனுமதி கேட்கப்பட்டது. பலருக்கு ஊர் திரும்புவதைத் தவிர வழியில்லை. பணிக்கொடையை வாங்கிக்கொண்டு, சிலர் இங்கே பிறந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போகும் ரஜூலா கப்பலில் ஏறினார்கள். 1973இல் ரஜூலாவும் தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டது.

பிரிட்டனில் பள்ளி விடும் வயது 1972 செப்டம்பரில் பதினாறாயிற்று. அப்போது சிங்கப்பூரிலிருந்த பிரிட்டனின் தூரகிழக்குப் படைத் தலைமையகம் கலைக்கப்பட்டுப் பத்து மாதங்கள் கடந்திருந்தன. மருந்துச் சீட்டுக் கட்டணம் மட்டும் இங்கிலாந்தில் போகவில்லை.